கன்னிமார் நகர், ஏழாம் நம்பர் வீடு

அத்தியாயம் 9

மேச்சேரி விவசாயக் காட்டை விற்ற பங்கு சரிதாவின் பேங்க் கணக்கில் விழுந்த பிறகுதான் சந்தோஷ்குமாருக்குப் பெண்டாட்டியின் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து 'ஏ' என்றும் 'இந்தா' என்றும் கூப்பிட்டுப் பழகியவன், இப்போது வாய் நிறைய 'சரிதா' என்கிறான். பணத்துக்கு அந்த மரியாதை உண்டு.

அப்பன் செத்த பிறகு அண்ணன்மாரோடு மல்லுக்கட்டி, ஊர் நடுவில் வசவு வாங்கி, அவள் கொண்டுவந்த பங்கு அது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ரெக்சின் சீட் தைத்தே விரல் காய்த்துப்போனவளுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. அதை வீடாக்க வேண்டும். மகள் கயல்விழிக்குக் கதவு வைத்த ஓர் அறை வேண்டும். ஒரே பாத்ரூமுக்கு மூன்று குடும்பம் வரிசையில் நிற்கும் வாடகை லைனில் வளர்கிற பிள்ளை அது.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளுடைய ஏ.டி.எம். கார்டை எடுத்துக்கொண்டு போய் சந்தோஷ்குமார் ஒரு வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்ததும், அதற்காக அவள் அடுப்புப் பற்றவைக்காமல் படுத்துக்கொண்டதும் போன வாரக் கதை. கடைசியில் அவள்தான் எழுந்து உலை வைத்தாள். பிள்ளைக்குப் பசித்தது.

இன்று வெள்ளிக்கிழமை. அக்ரிமென்ட் போடும் நாள்.

* * *

திருச்செங்கோடு ரோட்டிலிருந்து பிரிந்து, இரண்டு கோழிப்பண்ணைகளின் நாற்றத்தைக் கடந்தால் அந்த வளைவு வரும். தங்க நிற எழுத்தில் 'கன்னிமார் நகர்' என்று போட்டிருந்தது. வளைவுக்கு உள்ளே ஒரு டஜன் வீடுகள், எல்லாமே ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி. வளைவுக்கு வெளியே சோளத்தட்டும் கருவேலமும்.

ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் புரோமோட்டர் நவீன்குமார் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, சந்தனக் கீற்று, கையில் இரண்டு போன். அவனுடைய அப்பா இதே ஊரில் மாட்டுத் தரகு பார்த்தவர். மகன் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை விட்டுவிட்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிறான். தொழில் ஒன்றுதான்.

"வாங்க அக்கா, வாங்க. மாமா, வண்டிய நெழல்ல நிறுத்துங்க. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கையெழுத்தைப் போட்டுட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதிங்க."

மொபெட்டில் பின்னால் வந்திறங்கிய மாமனார் தீர்த்தகிரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரியே சுவரை ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தார். சுற்றி முடித்து வந்து தீர்ப்புச் சொன்னார்.

"பாடி நல்லாருக்குது."

"மாமா சொன்னா அப்பீலே இல்லீங்க" என்றான் நவீன்குமார்.

தீர்த்தகிரி மீசையை ஒதுக்கிக்கொண்டார். ஒரு மனிதனை விலைக்கு வாங்க இவ்வளவு குறைவான சொற்கள் போதும் என்பது சரிதாவுக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் உள்ளே போனாள்.

ஹால் பரவாயில்லை. சமையலறை பரவாயில்லை. பின்னால் இருந்த அறையில் நுழைந்ததும் பெயின்ட் வாசனை மூக்கில் அடித்தது. மற்ற அறைகளில் சுவர் காய்ந்து மாவு உதிர, இந்த ஒன்றுக்கு மட்டும் புதுச் சாயம்.

"இதுதானுங்க பாப்பா ரூம்" என்று பின்னாலேயே வந்தான் நவீன்குமார். "கெழக்கால ஜன்னல். படிச்சு டாக்டர் ஆயிரும் பாருங்க."

சரிதா கதவைப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் இழைத்து, பச்சை மரம் தெரிந்தது.

"இது ஏனுங்க, அடியில செதுக்கியிருக்குது?"

"மழைக்கு மரம் உப்பும்ங்க அக்கா."

"மழையா? இந்த வருசமா?"

"ஈரக்காத்துங்க."

பொய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு, கேட்டவுடன் வரும். உண்மைதான் யோசித்துக்கொண்டு நிற்கும்.

ஆள் குடிவராத வீட்டில், மேற்குச் சுவரில் ஒரு பெரிய கஜலட்சுமி காலண்டர் தொங்கியது. நெஞ்சுயரத்தில்கூட இல்லை. அவள் இடுப்புக்குக் கீழே. சரிதா குனிந்து அதைத் தூக்கினாள்.

பின்னால் சுவர் கோணலாகப் பிளந்திருந்தது. பட்டி பூசி மூடியிருந்தார்கள். மூடிய பிறகு மறுபடியும் பிளந்திருந்தது. சின்ன விரல் நகம் உள்ளே போனது.

"ஏ, சாமி படத்தை எதுக்குத் தூக்கறே?" என்று பதறினான் சந்தோஷ்குமார். அவசரத்தில் பெயர் மறந்துவிட்டது.

"சாமியை இடுப்புக்குக் கீழ மாட்டினவனை மொதல்ல கேளுங்க."

"புது ஊடுன்னா அப்படித்தானுங்க அக்கா" நவீன்குமார் சிரித்தான். "சித்தெ சோம்பல் முறிக்கும். ஒரு வருசம் போனா தானா அமைஞ்சுக்கும்."

"ஊடா, இல்ல கைக்கொழந்தையா?"

தீர்த்தகிரி வந்து எட்டிப் பார்த்தார். "எந்த ஊட்டுல அம்மிணி விரிசல் இல்ல? கலெக்டர் ஆபீஸ்லயே இருக்குது. ஆகாத காரணத்தைத் தேடாதே. மத்த ஊடெல்லாம் என்ன வெலைக்குப் போச்சு, இது என்ன வெலைக்கு வருது, அதைப் பாரு."

"அதைத்தான் மாமா நானும் கேக்கறேன். மத்ததெல்லாம் அந்த வெலைக்குப் போயிருக்க, இது மட்டும் ஏன் எறங்கி வருது?"

சந்தோஷ்குமார் மணி பார்த்தான்.

* * *

கையெழுத்துக்கு முன்னால் சாமி கும்பிட வேண்டும் என்று நவீன்குமார் எல்லோரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அது அவன் வைத்திருந்த துருப்புச்சீட்டு.

பின் சுவரை ஒட்டி, வேப்பங்கன்று நிழலில், ஏழு கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி சாத்தியிருந்தது. இந்தப் பக்கத்துக் காடுகளில் எங்கும் இருக்கிற கன்னிமார் கல்தான்.

"இந்த லேஅவுட்டுக்குப் பேரு வெச்சதே இந்தத் தாயிங்களாலதானுங்க. பன்னெண்டு ஊட்டுலயும் இந்த ஒரு ஊட்டுக்குத்தான் கன்னிமார் காவல். எத்தனையோ பேர் கேட்டாங்க. சாமி இருக்கற எடம், நல்ல குடும்பத்துக்குத்தான் குடுக்கோணும்னு நானே நிறுத்தி வெச்சிருந்தேன்."

தீர்த்தகிரி செருப்பைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழாத குறையாகக் குனிந்தார். சந்தோஷ்குமார் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நவீன்குமார் கற்பூரம் கொளுத்தினான். மூன்று பேருமே காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். மூன்று பேரும் கைகூப்பி நின்ற பவ்யத்தைப் பார்த்தால், இவர்கள் வாழ்நாளில் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள் என்று தோன்றும்.

சரிதாவும் கும்பிட்டாள். கும்பிட்டபோதுதான் அப்பனுடைய காட்டில் இருந்த கன்னிமார் ஞாபகம் வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு அம்மா அவளை அங்கே இழுத்துக்கொண்டு போவாள். கற்களுக்குத் தண்ணீர் ஊற்ற வாளியைத் தூக்கிக்கொண்டு தூரம் போக வேண்டியதே இல்லை. கை நீட்டினால் கிணறு. காட்டுக்காரன் எவனும் கன்னிமாரை வெறும் தரையில் நட மாட்டான். கிணற்று மேட்டில்தான் நடுவான். கிணறு வற்றக்கூடாது என்று.

அவள் கையை இறக்கினாள். சுற்றிலும் பார்த்தாள். சுவர், சிமென்ட் தரை, வேலி, அந்தப் பக்கம் சோளக்காடு.

வேலி இடுக்கு வழியாக ஒரு பொம்பளை செம்பும் மஞ்சள் கிண்ணமுமாக நுழைந்தாள். ஐம்பது வயது இருக்கும். இவர்களைக் கண்டதும் ஓரம் ஒதுங்கினாள்.

"இவங்க ராசம்மாள் அக்கா. இந்தக் காட்டை எனக்குக் குடுத்தவங்க" என்றான் நவீன்குமார். "வெள்ளிக்கிழமையானா வந்து தண்ணி ஊத்திட்டுப் போவாங்க. நான் தடுக்கறதில்லீங்க. அவங்க பையன் நம்மகிட்டதான் ஜே.சி.பி. ஓட்டறான்."

போன் அடித்தது. நவீன்குமார் திரையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "வாங்க சார், வாங்க, இங்கதான் இருக்கேன்" என்றபடி முன்பக்கம் போனான். தீர்த்தகிரி பின்னாலேயே போனார், கிரகப்பிரவேசப் பந்தல்காலுக்குக் குழி எங்கே எடுப்பது என்று கேட்டுக்கொண்டு. சந்தோஷ்குமார் மட்டும் கல்லுக்கு முன்னாலேயே நின்றான்.

சரிதா ராசம்மாளின் பக்கத்தில் போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஏனுங்க அக்கா, கெணறு எங்க?"

ராசம்மாள் மஞ்சள் பூசிக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்வி அவளைத் திடுக்கிட வைக்கவில்லை. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றுதான் அவள் யோசித்திருப்பாள் போல. தலையைத் திருப்பாமல், முகவாயால் அந்தப் பின் அறையைக் காட்டினாள்.

"அடியிலயா?"

"எம்பதடிக் கெணறு. பாதி அந்த ரூம்புக்கு அடியில. மீதி இந்தத் தரைக்கு அடியில."

"எதைப் போட்டு மூடினாங்க?"

"எதைப் போடலைன்னு கேளு. பண்ணைக் கோழியெருவு, செத்த கோழி, பேத்தெடுத்த தார்க்கட்டி, தென்னந்தூரு. நாலு நாள் எம் பையனேதான் தள்ளிவுட்டான். மேல ரெண்டு லோடு செம்மண்ணு."

"பாக்க வாரவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

ராசம்மாள் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கூச்சமில்லை.

"எத்தனையோ பேர் வந்தாங்க. எல்லாரும் காட்டாளுங்கதான். கார்ல வந்து எறங்கினதும் கல்லைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கெணறு எங்கன்னு ஒருத்தரு கேக்கலை. நான் எதுக்கு ஊரைக் கூட்டோணும்? வித்த காடு வித்ததுதான். கல்லுக்குத் தண்ணி ஊத்த உடறாங்க. எம் மவனுக்கு வேலை இருக்குது. எனக்கு அது போதும் சாமி."

செம்பில் இருந்த தண்ணீரை ஏழு கல்லுக்கும் ஊற்றிவிட்டு, வந்த இடுக்கு வழியாகவே போய்விட்டாள். சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. புதுத் தளம் போட்டு, மாடிக்குக் கம்பி விட்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே தெரிந்தது.

* * *

சரிதா புருஷனை வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கேட்டீங்கல்ல?"

"மெதுவாப் பேசு."

"அந்த ரூம்புக்கு அடியில கெணறு இருக்குதுங்க. செத்த கோழியப் போட்டு மூடியிருக்காங்க. அது அமுங்குது. அதுக்குத்தான் கதவைச் செதுக்கியிருக்கான், செவுத்துக்குச் சாமி படம் மாட்டியிருக்கான்."

சந்தோஷ்குமார் அதிர்ச்சியடைவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அவ்வளவுதான்.

"தெரியும்."



"என்னது தெரியும்?"

"டோக்கன் குடுக்கறப்பவே நவீன் சொல்லிட்டான். அதனாலதான் வெல எறக்கினான். இல்லாட்டி இந்த ரோட்டுல இந்த வெலைக்கு எவன் குடுப்பான்? கேளு சரிதா. நாம என்ன பேரன் பேத்தி காலம் வரைக்குமா இருக்கப்போறோம்? ரெண்டு வருசம். ரிங் ரோடு வருதுங்கறாங்க. வெல ஏறும். ஒரு பட்டி, ஒரு பெயின்ட், எவன் தலையிலயாச்சும் கட்டிட்டு வேற நல்ல ஊடா வாங்கிக்கலாம்."

அவன் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி விற்கிற கம்பெனியில் சேல்ஸ்மேன். உலகத்தில் எல்லாமே அந்தக் கணக்குத்தான் அவனுக்கு. உள்ளே நூல் அறுந்திருந்தால் என்ன, மேலே ரப்பர் வரி புதுசாகத் தெரிந்தால் போதும்.

"மாமாவுக்கு?"

"அப்பாவுக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு அந்தச் செவுத்தைத் தட்டித் தட்டிப் பாத்தாரு?"

"நீ நம்போணுமல்ல."

சரிதா சிரித்துவிட்டாள். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்று ஆம்பளைகள், ஒரு நாடகம், ஒரே ஒரு பார்வையாளர். டிக்கெட் காசு முழுக்க அவளுடையது.

"அந்த ரூம்புல யாருங்க படுக்கறது?"

அவன் மறுபடியும் மணி பார்த்தான்.

"ரெண்டு வருசம் அந்த ரூம்புல யாரு படுக்கறது? நீங்களா? உங்கொப்பனா?"

"இப்ப என்ன, நாளைக்கே உள்ள போயிருமா? கயலை ஹால்ல படுக்க வெச்சாப் போச்சு."

"ஊடு வாங்கறதே அதுக்கு ஒரு ரூம்புக்குத்தானுங்க."

"எல்லாத்துக்கும் குதர்க்கம் பேசாதே. மணி பத்தாகுது. போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு, போன்ல பணத்தைத் தட்டிவிடு."

"முடியாது."

இதைச் சொல்ல அவள் குரலை உயர்த்தவில்லை. பட்டறையில் வேலை முடிந்ததும் மிஷினை நிறுத்துகிற மாதிரி சொன்னாள்.

* * *

நவீன்குமார் கோபப்படவில்லை. மாட்டுத் தரகன் மகனுக்கு ஒரு மாடு நழுவினால் இன்னொரு மாடு வரும் என்று தெரியும்.

"வேண்டாம்னா விடுங்க அக்கா. கட்டாயமில்ல. உங்க டோக்கன் எங்கயும் போகாது. இப்ப ஒரு பார்ட்டி வாராங்க. அவங்க அட்வான்ஸ் போட்டதும், அதுலயே எடுத்து உங்க கையில குடுத்துடறேன். அது வரைக்கும்..." என்று நிறுத்தி, உதட்டின் மேல் விரலை வைத்தான். சந்தனக் கீற்றுக்குக் கீழே அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அது எங்க பணமுங்க" என்றாள் சரிதா.

"நான் இல்லைன்னேனா? வாயைத் தொறந்து பார்ட்டியக் கலைச்சீங்கன்னா, அப்புறம் நீங்க பின்வாங்கினதுக்கு டோக்கன் ஊத்திக்கிச்சுன்னு அர்த்தம். அதுதான் முறை."

இந்த ஆட்களுக்கு முறை என்ற சொல்லின் மேல் அப்படியொரு பிரியம்.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் சேலத்துக்காரர்கள், ஜூடும் ஜாக்குலினும். ஜூட் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் புது வேலை கிடைத்திருந்தது. குளிர்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அளக்கும் டேப்பைக் கையில் உருட்டியபடி வந்தான். மூன்றாவது தடவை பார்க்க வருகிறானாம். ஜாக்குலின் அதிகம் பேசவில்லை. பின் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூட் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "நவீன், அந்தக் கல்லுங்க யாராவது வந்து கும்பிடற எடமா? நாளைக்கு அவங்களுக்கும் எங்களுக்கும் சங்கடம் வரக்கூடாது."

"சேச்சே. சர்வேக் கல்லுங்க சார். யாரோ மஞ்சளைத் தடவிட்டுப் போறாங்க. நாளைக்கே ஜே.சி.பி. வெச்சுப் பேத்துப் போட்டுடறேன்."

கொளுத்திய கற்பூரத்தின் கரி இன்னும் கல்லின் முன்னால் இருந்தது. தீர்த்தகிரி அதைக் கேட்டார். கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். டோக்கன் திரும்பி வருகிற வரைக்கும் அவருக்கும் அது சர்வேக் கல்தான்.

சரிதா அடக்கிக்கொண்டுதான் நின்றாள். அவள் ஒன்றும் தியாகி இல்லை. டோக்கனாகப் போனது அவளுடைய பங்கு. கண் முன்னால் எவனோ ஒருவன் குழியில் விழுந்தால் தன் காசு திரும்பி வரும் என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்ன செய்வார்களோ அதையே செய்ய அவளும் தயாராக இருந்தாள்.

அப்போது ஜாக்குலின் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இங்க வாங்களேன். இந்த ரூம் அம்மாவுக்கு. வெளிச்சம் நல்லா இருக்கு."

சந்தோஷ்குமாரும் நவீன்குமாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு முகத்திலும் ஒரே சிரிப்பு. எது புருஷன், எது தரகன் என்று பிரித்துச் சொல்ல முடியாத சிரிப்பு.

சரிதா நேராக உள்ளே போனாள்.

"இந்த ரூம்புக்கு அடியில கெணறு இருக்குதுங்க. கோழியெருவையும் குப்பையையும் போட்டு மூடியிருக்காங்க. செவுரு பொளக்குது. வாங்காதீங்க."

பின்னாலேயே வந்த ஜூட் டேப்பை உருட்டுவதை நிறுத்தினான். பிறகு ஜூட் சிரித்தான்.

"நீங்கதானா அந்த இன்னொரு பார்ட்டி? நவீன் சொன்னாரு, இன்னைக்கு இன்னொருத்தங்க அக்ரிமென்ட்டுக்கு வர்றாங்கன்னு."

"ஆமாங்க சார்" என்றான் நவீன்குமார் வருத்தமாக. "அவங்களுக்கு வெல கட்டலை. அதான்..."

"நான் வெலைக்காகச் சொல்லலைங்க! இவரைக் கேளுங்க. எங்கூட்டுக்காரரு. இவருக்கே தெரியும்."

எல்லோரும் சந்தோஷ்குமாரைப் பார்த்தார்கள்.

அவன் தொண்டையைச் செருமினான். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. ஜூடின் சட்டைப் பித்தானைப் பார்த்துச் சொன்னான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்கூட்டுல இந்த ஊட்டு மேல ரொம்ப ஆசை. பணம் பத்தலை. நமக்குக் கெடைக்காதது வேற யாருக்கும் போயிருமேங்கற ஆத்தாமைல பேசறா."

"பொம்பளப் புத்தி" என்று தீர்த்தகிரி ஒத்து ஊதினார்.

"மேடம்" என்றான் ஜூட், பாடம் நடத்துகிற குரலில், "நாங்க நெறைய எடம் பாத்துட்டோம். இந்த டெக்னிக்கெல்லாம் யூடியூப்லயே போட்டிருக்கான். போட்டிக்காரன் குறை சொன்னா, அந்தப் பொருள் நல்லாருக்குன்னு அர்த்தம்."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். அதுவரை யோசிக்கலாம் என்றிருந்தவன், இப்போது கையை நீட்டினான். "நவீன், பேப்பரை எடுங்க. இன்னைக்கே போட்டுடலாம்."

உண்மையைச் சொல்லி ஒரு வீட்டை விற்றுக் கொடுத்த பெருமை சரிதாவைச் சேர்ந்தது.

* * *

சரிதா வெளியே வந்து வேப்பங்கன்றின் பக்கம் நின்றாள். ரோட்டில் கோழிக்கூண்டு ஏற்றிய லாரி ஒன்று இறகு பறக்கப் போனது. ஹாலில் ஜூட் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். தீர்த்தகிரி நாற்காலி எடுத்துப் போட்டு உதவினார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜாக்குலின்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"உங்கூட்டுக்காரருதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே. போம்மா."

"அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு. பணம் இன்னும் போகலை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது என் பணம்க்கா. குவைத்துல ஏழு வருஷம் நர்ஸா இருந்து சேத்தது. என் போன்லேர்ந்துதான் போகணும். டவர் கிடைக்கலைன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்."

சரிதா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பேசினப்ப உங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தேன்" என்றாள் ஜாக்குலின். "பொண்டாட்டி பொய் சொன்னா மனுஷனுக்குக் கோவம் வரும், இல்ல வெக்கம் வரும். அவருக்குப் பயம் வந்துச்சு. யாரைக் கேட்டா நெஜம் தெரியும்?"

சரிதா சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த வீட்டைக் காட்டினாள். "காட்டுக்காரம்மா. ராசம்மாள்னு பேரு. நேராக் கேட்டா நேராச் சொல்லும்."

"என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

போனால் டோக்கன் போச்சு. பிறகு சந்தோஷ்குமாரோடு அந்த வாடகை லைனில் எப்படிப் படுத்து எழுவது என்பதும் தெரியாது. சரிதா இதையெல்லாம் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கால் வரப்பில் ஏறிவிட்டது.

"முள்ளு கெடக்கும். பாத்து வா."

பாதி வரப்பில் பின்னால் குரல் கேட்டது. "ஏ! எங்க போறே? வந்து வண்டில ஏறு!" சந்தோஷ்குமார் வேலிக்குள் நின்று கத்தினான். அவனுக்குப் பின்னால் நவீன்குமார் வெளியே வந்தான். இரண்டு பெண்கள் எந்தத் திசையில் போகிறார்கள் என்று பார்த்தான். அன்று முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. போனைக் காதில் வைத்தான்.

அவர்கள் சோளத்தட்டைத் தாண்டி ராசம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, கதவு சாத்தியிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வாலிபன் நின்றான். கையில் போன், முழங்கால் வரை செம்மண்.

"அம்மா ஊட்டுல இல்லீங்க."

"இப்பத்தான் வந்தாங்க" என்றாள் சரிதா.

"இல்லீங்க."

உள்ளே யாரோ இருமினார்கள். பிறகு அந்த இருமல், கையாலோ முந்தானையாலோ பொத்தி அடக்கப்பட்டது.

வாலிபன் தரையைப் பார்த்தான்.

ஜாக்குலின் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, அணைத்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"போதும்க்கா. தெரிஞ்சு போச்சு."

சரிதா திரும்பினாள். சோளக்காட்டு வரப்பில், வெயிலில், இரண்டு புருஷன்மாரும் ஒருவர் பின் ஒருவராக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், வெள்ளைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு நவீன்குமார் வந்தான்.